95 செ.மீ. நேர்வாள், 25 மி.மீ. பலகை: காவல் கட்டை ஓரத்தில் ஒடியாமல் செய்வது எப்படி?

கொட்டாப்புளி:

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய இடைக்கால வடிவில் மரத்தில் ஒரு நேர்வாள் செய்யத் திட்டம். இரண்டு பக்கமும் விளிம்பு, ஒரு கைப்பிடி, குறுக்கே கையைக் காக்கும் காவல் கட்டை, அடியில் குமிழ். மொத்த நீளம் 95 செ.மீ. முதலில் சுவரில் மாட்ட வேண்டும். பிறகு நாடக மேடையில் இடுப்பில் செருகி நடக்கவும், உருவிக் காட்டவும் வேண்டும். வாளோடு வாள் மோதும் காட்சி இப்போதைக்கு இல்லை.

கையில் இருப்பது 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 25 மி.மீ. கனத்தில் ஒரு தேக்குப் பலகை. ஒரு ஓரத்தில், ஏறக்குறைய நடுவில், சின்னக் கணு ஒன்று இருக்கிறது. கருவிகள்: கை ரம்பம், ஜிக்சா, இழைப்புளி, மூன்று உளிகள் (6, 12, 25 மி.மீ.), மர அரம், கை டிரில், ஆறு கிளாம்ப்.

இந்தப் பலகையே போதுமா? ஒரே துண்டில் செதுக்குவதா, காவல் கட்டையைத் தனியாகச் செய்து மாட்டுவதா? மர வாள்கள் பெரும்பாலும் காவல் கட்டையை ஒட்டியே ஒடிவது ஏன்? இழைத்து முடித்த வாள் அலகு நாலு நாளில் வில்லாக வளையாமல் இருக்க என்ன வழி? எஃகு போலத் தெரிய எந்தப் பூச்சு? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நார்வாக்கு:

வரைபடத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் பலகையில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வாள் ஒடியுமா நிற்குமா என்பது வரைவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும்.

நார் அலகின் நீளத்தோடு ஒத்து ஓடினால் மரம் தன் முழு பலத்தையும் தரும். நார் சாய்ந்து ஓடி விளிம்பில் வெளியேறினால் அந்த இடத்தில் மரம் ஒடியாது, நாருக்கு நார் பிரிந்து சரிவாகக் கழன்று வரும். நீளத்தில் 20 செ.மீ.க்கு 1 செ.மீ. சாய்வு என்றால் வளைவுப் பலத்தில் 7 சதவீதம்தான் இழப்பு, கவலை வேண்டாம். 10க்கு 1 என்றால் வளைவுப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். திடீர் அடியைத் தாங்கும் பலமோ 60 சதவீதத்துக்கு வந்துவிடும். 5க்கு 1 சாய்ந்த மரத்தில் வாள் செய்யவே கூடாது. அடி தாங்கும் பலம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான் 15க்கு 1ஐ எல்லையாக வைக்கச் சொல்வேன்.

பார்ப்பது எப்படி: 25 மி.மீ. கனமுள்ள பக்கவாட்டு விளிம்பை ஒருமுறை இழைத்துவிட்டு, ரேகைகள் அந்த விளிம்புக்கு இணையாக ஓடுகின்றனவா, மேலிருந்து கீழே சரிகின்றனவா என்று பாருங்கள். அகலமான முகத்தில் தெரியும் ரேகையை மட்டும் நம்பாதீர்கள். அங்கே தெரியும் அழகான வளைவுகள் வருட வளையங்களை ரம்பம் அறுத்த கோலம். நார் ஓட்டம் அதிலிருந்து வேறுபடலாம். முகத்தில் ஒரு ஊசியை லேசாக அழுத்தி இழுத்தால் அது தானாக நாரைப் பிடித்துக்கொண்டு ஓடும். சந்தேகம் தீராவிட்டால் பலகையின் நுனியில் 4 செ.மீ. அறுத்து, அந்தத் துண்டை உளி வைத்துப் பிளந்து பாருங்கள். பிளவு போகும் வழிதான் நார் போகும் வழி. பலகை 1 மீட்டர் இருப்பதால் இதற்கு இடம் இருக்கிறது.

கணு: கணுவைச் சுற்றி நார் வளைந்து போகிறது, அதனால் கணு இருக்கும் இடத்தை மட்டும் தவிர்த்தால் போதாது, அதிலிருந்து 3 செ.மீ. தள்ளி நில்லுங்கள். உங்கள் பலகையில் அலகை எதிர் ஓரத்தில் எடுங்கள். கணு உள்ள பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் கணுவுக்கு ஒரு புறம் காவல் கட்டை, மறு புறம் குமிழ் எடுத்துவிடலாம்.

தேக்கு போதுமா என்றால், சுவருக்கும் மேடையில் உருவிக் காட்டுவதற்கும் தாராளமாகப் போதும். வளையாமல் நிற்பதில் தேக்குக்கு நிகர் குறைவு. அடி தாங்குவதில்தான் ஆஷ், ஹிக்கரி, பீச், வெள்ளை ஓக் போன்றவற்றுக்குப் பின்னால் நிற்கும். மோதல் காட்சி வந்தால் இந்த வாளை எடுக்காதீர்கள். பைன் இழைக்க எளிது, ஆனால் அலகின் விளிம்பு விரல் நகம் பட்டாலே பள்ளமாகும். எம்.டி.எஃப். (மர இழைத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் நெடுக ஓடும் நாரே கிடையாது, 70 செ.மீ. நீளத்துக்கு மெல்லியதாக அறுத்தால் தன் எடைக்கே தொய்யும். பிளைவுட் குழந்தைகளின் தட்டை வாளுக்குச் சரி. சரிவாகச் சீவினால் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும், விளிம்பில் சிராய் கிளம்பும்.

அளவுகள். அலகு 76 செ.மீ., காவல் கட்டை 2.5, கைப்பிடி 11.5, குமிழ் 5. கூட்டினால் 95. அலகும், கைப்பிடிக்குள் ஓடும் தண்டும் ஒரே துண்டு. தண்டு குமிழுக்குள் 3 செ.மீ. போக வேண்டும். ஆக அந்தத் துண்டின் நீளம் 93 செ.மீ. அலகின் அகலம் காவல் கட்டையருகே 45 மி.மீ., முனைக்குச் சற்று முன்னால் 30. கனம் தொடக்கத்தில் 18 மி.மீ., முனையருகே 10. தண்டு 30 மி.மீ. அகலம், 18 மி.மீ. கனம், நெடுக ஒரே சீர்.

வளைவது பற்றிக் கேட்டீர்கள். பலகையின் மேல்தோல் ஒரு ஈரத்திலும் உள்பகுதி வேறு ஈரத்திலும் இருக்கும். ஒரே முகத்தில் 7 மி.மீ. சீவித் தள்ளினால் ஈரம் மாறுபட்ட இரண்டு முகங்கள் எதிரெதிரே வந்து, ஒன்று சுருங்க மற்றொன்று சுருங்காமல், அலகு வளைகிறது. ஆகவே முதலில் 55 மி.மீ. அகலத்துக்கு அறுத்து, 25 மி.மீ. கனத்திலேயே ஒரு வாரம் விடுங்கள். தரையில் படுக்க வைக்காமல், இரண்டு சட்டங்களின் மேல், எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி. அதன் பிறகு இரண்டு முகத்திலும் மாற்றி மாற்றிச் சீவி, பக்கத்துக்கு 3.5 மி.மீ. எடுத்து 18க்கு வாருங்கள். ஈரமானி இருந்தால் 8 முதல் 12 சதவீதம் காட்டும் பலகை சரி. நாள் முடிவில் வேலையை நிறுத்தும்போது மேஜை மேல் படுக்கப் போடக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் காற்று பட்டால் அந்த இரவிலேயே வளையும்.

நடுக்கோட்டைப் பலகையின் ஓரத்துக்கு இணையாகப் போடாதீர்கள், நாருக்கு இணையாகப் போடுங்கள். அலகை எத்தனை முறை சீவினாலும் இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும், எனவே அழிந்தால் உடனே மறுபடி கீறுங்கள். முகத்தில் ஒரு நடுக்கோடு. விளிம்பில் நடுவை ஒட்டி இரண்டு கோடுகள், இடையே 4 மி.மீ. இந்த 4 மி.மீ. பட்டையைத் தொடாமல், முகத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புக் கோடு வரை சரிவாகச் சீவினால் நான்கு சரிவுகள் கிடைக்கும். கடைசியில் அந்தப் பட்டையை உப்புத்தாளால் உருட்டுங்கள். சீவும் திசை எப்போதும் காவல் கட்டையிலிருந்து முனையை நோக்கி. அலகு குறுகிக்கொண்டே போவதால் நார்கள் அந்தத் திசையில்தான் வெளியேறுகின்றன. எதிர்த்திசையில் இழைத்தால் நார் கிளம்பிப் பிய்ந்து வரும், விளிம்பில் 10 செ.மீ.க்கு ஒரு சிராய் போய்விடும். காவல் கட்டையை ஒட்டிய முதல் 10 மி.மீ.யைச் சீவாமல் தட்டையாக விட்டுவிடுங்கள். அங்கே கட்டை இடைவெளி இல்லாமல் உட்கார அது வேண்டும்.

ஒடிவது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். 45 மி.மீ. அகலம் அந்த இடத்தில் சட்டென்று 30க்கு இறங்குகிறது. வாளை வீசும்போதும் கீழே விழும்போதும் வளைவு முழுவதும் சேருவது அங்கேதான். அதோடு, அறுப்பவர் ரம்பத்தைக் கோட்டைத் தாண்டி 1 மி.மீ. கூடுதலாக இழுத்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. பிறகு காவல் கட்டை அதை மூடிவிடுவதால் ஒடியும் நாள் வரை யாருக்கும் தெரியாது. இதற்கு வழி, துண்டு இன்னும் 55 மி.மீ. அகலமாக இருக்கும்போதே, தண்டும் தோளும் (அகலம் 45இலிருந்து 30க்கு இறங்கும் படி) சேரும் இரண்டு உள்மூலைகளிலும் 8 மி.மீ. துளை போட்டுவிடுவது. துளையின் வட்டம் தண்டின் கோட்டையும் தோளின் கோட்டையும் தொட்டுக்கொண்டு, வெட்டி எறியும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு ரம்பத்தைத் துளை வரை மட்டும் ஓட்டினால் உள்மூலை 4 மி.மீ. வளைவாகத் தானாகக் கிடைக்கும், தாண்டி அறுக்க வழியே இல்லை. காவல் கட்டைத் துளையின் வாயை அதே 4 மி.மீ. அளவுக்குச் சரித்துவிட்டால் கட்டை தோளோடு ஒட்டி உட்காரும்.

காவல் கட்டை தனியாகத்தான். ஒரே துண்டில் செதுக்கினால் இரண்டு கைகளிலும் நார் 2.5 செ.மீ. நீளத்துக்குக் குறுக்கே ஓடும். தட்டினாலே விழும்.

கட்டை 20 செ.மீ. நீளம், 34 மி.மீ. கனம், வாளின் நீளவாக்கில் 25 மி.மீ. நடுவில் 30 × 18 துளை. 12 மி.மீ. டிரில் பிட்டால் வரிசையாகத் துளைத்து உளியால் சதுரமாக்குங்கள். பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். ஒரே பக்கமாகத் துளைத்தால் வெளியேறும் முகத்தில் மரம் சிதறும்.

ஒட்டுப்பட்டை:

நார்வாக்கு அண்ணே சொன்ன நார், தோள்மூலைத் துளை, திசை எல்லாம் சரி. காவல் கட்டைத் துளையில் மட்டும் மாறுபடுகிறேன். கை டிரிலில் 25 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளைப்பது கடினம். 1 பாகை சாய்ந்தால் கூட 20 செ.மீ. கட்டையின் நுனியில் 1.7 மி.மீ. ஏற்ற இறக்கம் தெரியும். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

கட்டையை 17 மி.மீ. கனமுள்ள இரண்டு பாதிகளாக எடுங்கள். ஒவ்வொன்றின் உள்முகத்திலும் 30 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம். இரண்டு ஓரக் கோடுகளையும் ரம்பத்தால் 9 மி.மீ. ஆழம் அறுத்து, இடையே நாலைந்து வெட்டுகள் போட்டு, 25 மி.மீ. உளியால் தட்டி எடுத்தால் பத்து நிமிட வேலை. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் துளை 30 × 18. இங்கே ஒட்டும் முகங்கள் இரண்டும் நெடுநார் முகங்கள், அதாவது நார் நெடுக ஓடும் பக்கங்கள். நெடுநாரோடு நெடுநார் சேரும் ஒட்டு, பசை சரியாகப் பிடித்தால், மரத்தைவிடப் பலமானது. பள்ளத்தின் வாயைச் சரிப்பதும் பிளந்த நிலையில் மிக எளிது. குமிழையும் இப்படியே செய்யுங்கள். மிஞ்சும் பட்டையில் 42 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் 30 அகலம், 9 ஆழம், 30 நீளப் பள்ளம், ஒட்டினால் 42 × 50 × 50 கட்டை. பிறகு எட்டுமூலையாகவோ உருண்டையாகவோ அரம் போடுங்கள். நார் நீளவாக்கில் ஓடட்டும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. சீவிய முகத்தை அப்படியே விட்டால் எண்ணெய் மேலே வந்து, சாதாரண வெள்ளைப் பசை ஒரு பருவம் கழித்து உரிந்துவிடும். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஆவி போனதும், அரை மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். எபாக்ஸி எடுத்தால் நிம்மதி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகை எடுங்கள். எபாக்ஸியைக் கிளாம்பில் நெரிக்கக்கூடாது, பசை எல்லாம் வெளியே வழிந்து உள்ளே காய்ந்த ஒட்டு மட்டும் மிஞ்சும். இரண்டு முகமும் தொட்டு, ஓரத்தில் பசை மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தால் போதும். வெள்ளைப் பசைக்கு நேர் எதிர், அதை நன்றாக இறுக்க வேண்டும். வெள்ளைப் பசை என்றால் ஒரு மணி நேரம் கழித்துக் கிளாம்பை எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரம் ஆகும் வரை அரம் போடாதீர்கள்.

கட்டை தண்டில் ஏறும் இறுக்கம் முக்கியம். கையால் அழுத்தினால் தோளுக்கு 3 மி.மீ. முன்பு வரை வர வேண்டும். மீதியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) இரண்டு மூன்று தட்டு. அதற்கு மேல் அடி தேவைப்பட்டால் நிறுத்துங்கள், துளைச் சுவர் 8 மி.மீ.தான், நார் வழியே பிளக்கும். எங்கே இறுகுகிறது என்று பார்க்கத் தண்டில் பென்சில் கரியைத் தேய்த்து ஏற்றி இறக்குங்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுங்கள்.

கட்டை உட்கார்ந்த பிறகு கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் 4 மி.மீ. பட்டைகள் ஒட்டுங்கள். 18 உடன் 8 சேர்ந்து 26. அரம் போட்டு 30 × 26 முட்டை வடிவமாக்குங்கள். முழு வட்டம் வேண்டாம், கையில் வாளின் விளிம்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. குமிழின் மேல் விளிம்பிலிருந்து 15 மி.மீ. கீழே, தண்டையும் சேர்த்துத் துளைத்து 6 மி.மீ. மர ஆணி ஒன்று. பசை விட்டாலும் குமிழ் பறக்காது.

கொட்டாப்புளி:

மிக்க நன்றி. இரண்டு பாதி முறையே எனக்குத் தோது. இரண்டு சந்தேகம். எடை எவ்வளவு வரும்? மேடையில் பொம்மை போல லேசாகத் தெரிந்தால் நன்றாக இருக்காது. கைப்பிடிக்குக் கயிறு சுற்ற எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்?

மேடைச்சாமான்:

இந்த அளவுகளுக்குத் தேக்கில் 350 கிராமை ஒட்டித்தான் வரும். அலகு ஏறக்குறைய 175, காவல் கட்டை 80, கைப்பிடி 45, குமிழ் 50. இதே அளவு எஃகு வாள் ஒரு கிலோவைத் தாண்டும். மரத்தில் அந்த எடையைக் கொண்டுவர முயலாதீர்கள். அலகைத் தடிமனாக்கினால் துடுப்பு மாதிரி ஆகிவிடும். பார்ப்பவருக்கு எடை தெரிவது வாள் நகரும் விதத்தில்தான், அதற்குச் சமநிலைப் புள்ளியைப் பின்னால் இழுத்தால் போதும்.

இப்போது உள்ளபடி சமநிலைப் புள்ளி காவல் கட்டையிலிருந்து 13 செ.மீ. முன்னால் விழும், முனை தொங்கும். 10 செ.மீ.க்குக் கொண்டுவரக் குமிழில் 35 முதல் 40 கிராம் வேண்டும். 20 மி.மீ. குறுக்களவு இரும்புத் தண்டில் 15 மி.மீ. நீளம் அறுத்தால் சரியாக 37 கிராம். குமிழின் அடியில் 20 மி.மீ. துளை, 18 மி.மீ. ஆழம். உள்ளே போகும் மரத்தண்டு மேலிருந்து 30 மி.மீ. வருகிறது, குமிழ் 50, ஆக இரண்டும் மோதாது. இடையே 2 மி.மீ.தான் இருக்கும், ஆழத்தை டிரில் பிட்டில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பை எபாக்ஸியில் பதித்து, மேலே 3 மி.மீ. மர வில்லையால் மூடுங்கள். பசை இல்லாமல் அழுத்தி வைத்தால் ஒருநாள் கடகடக்கும், வேகமாக வீசும்போது பறக்கும்.

கயிறு: முட்டை வடிவத்தின் சுற்றளவு 88 மி.மீ. 3 மி.மீ. பருத்திக் கயிறு என்றால் ஒரு சுற்றுக்கு 98 மி.மீ. போகும். 11.5 செ.மீ. நீளத்தில் 38 சுற்று. மொத்தம் 3.7 மீட்டர். முனைகளை உள்ளே இழுத்து மறைக்கவும் இறுக்கிப் பிடிக்கவும் சேர்த்து 4.5 மீட்டர் எடுங்கள். கைப்பிடியில் மெல்லியதாகப் பசை தடவி, காவல் கட்டைப் பக்கமிருந்து தொடங்குங்கள். கயிற்றின் முதல் முனையைக் கைப்பிடியின் நீளவாக்கில் வைத்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போனால் அது புதைந்துவிடும். கடைசி எட்டு சுற்றுக்கு முன் ஒரு தனிக் கயிற்றுக் கண்ணியை வைத்து அதன் மேல் சுற்றி, முனையைக் கண்ணியில் நுழைத்து இழுத்தால் அதுவும் உள்ளே போய்விடும். கயிறு சேரும்போது கைப்பிடி 36 × 32 ஆகும். சிறிய கைக்காரர் என்றால் மரத்தை முன்பே 27 × 23க்குக் குறைத்துவிடுங்கள்.

பூச்சு. எஃகு நிறம் பெரும்பாலும் கெடுவது வெள்ளிப் பெயின்டால் அல்ல, அடியில் உள்ள மரத்தால். தேக்கின் துளைகள் பெரியவை, அவற்றை அடைக்காமல் வெள்ளி அடித்தால் ரேகை ரேகையாகத் தெரிந்து, சாம்பல் பூசிய பலகை என்று முதல் வரிசையில் இருப்பவருக்கே தெரியும். உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று வரிசையாக. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தியதன் கீறல் பூச்சுக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். கையால் தேய்க்காதீர்கள், விரல் அழுத்தத்தில் அலகின் நடுக்கோட்டின் கூர்மை மழுங்கிப்போகும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும். பிறகு ஈரத் துணியால் ஒரு துடைப்பு. நார் எழும்பி நிற்கும், காய்ந்ததும் 220ஆல் லேசாக.

அதன் மேல் அரக்குக் கரைசல், அதாவது ஷெல்லாக், ஒரு பூச்சு. தேக்கில் உள்ள எண்ணெய் பெயின்டைக் காயவிடாது, ஷெல்லாக் இடையில் நின்று தடுக்கும். பிறகு துளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றையும் 320ஆல் தேய்த்து, சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பார்த்துத் துளை தெரியாத வரைக்கும். அப்புறம் பளபளப்பான கறுப்பு ஸ்ப்ரே, இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயட்டும். அதன் மேல் வெள்ளி, 25 செ.மீ. தூரத்திலிருந்து, மிக மெல்லியதாக. கறுப்பு முழுதும் மறைய வேண்டியதில்லை, அந்த இருட்டுதான் எஃகின் ஆழத்தைக் காட்டும். வெள்ளியின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் உலோகத் தோற்றம் செத்து வெறும் சாம்பலாகும். பாதுகாப்புக்கு நீர் சார்ந்த மங்கல் பூச்சு ஒன்றே போதும், அதையும் ஒரு வீண் துண்டில் சோதித்துவிட்டு. மேடை விளக்கில் அதிகம் மின்னாத, கொஞ்சம் பழைய எஃகு வேண்டுமென்றால் மங்கலான கறுப்பின் மேல் கிராஃபைட் பொடியைத் துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் மேலே பூச்சு இல்லாவிட்டால் உடையெல்லாம் கறுப்பாகும்.

காவல் கட்டைக்கும் குமிழுக்கும் எண்ணெய் போதும் என்றால், கொதித்த ஆளிவிதை எண்ணெய் தாராளமாகத் தடவி 15 நிமிடம் விட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை. துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று வாரக் கணக்கில் நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உறையும்போது சூடாகிறது, சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பும் தும்மலும் கொடுக்கும். என்95 முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

மோதல் இல்லை என்கிறீர்கள், ஒத்திகையில் யாராவது ஒருவர் ஆசைக்குத் தட்டிப் பார்ப்பார். ஆகையால் முனையைக் கூராக்காமல் குறைந்தது 10 மி.மீ. ஆரத்தில் உருட்டுங்கள். விளிம்பு 4 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். ஒவ்வொரு காட்சிக்கும் முன் அலகின் மேல் பஞ்சை நீளவாக்கில் ஓட்டுங்கள், இழை மாட்டும் இடத்தில் சிராய் கிளம்பியிருக்கிறது. காவல் கட்டையருகே குறுக்குக் கோடு எதுவும் தெரிந்தால் வாளை ஓரம் கட்டிவிடுங்கள். பசை ஊற்றி ஒப்பேற்றும் வேலை அங்கே செல்லாது. மரவாள் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு: 1612இல் கான்ர்யூ தீவில் மியாமோட்டோ முசாஷி சசாகி கோஜிரோவை வென்றது மரவாளால் என்றுதான் மரபு சொல்கிறது. ஜப்பானியர் பயிற்சிக்கு மூங்கில் பட்டைகளைக் கட்டிய ஷினாய்க்கு மாறியதே அடிபடுபவருக்காகத்தான்.

பிறைவாள்:

இதே இழையில் ஒரு துணைக் கேள்வி. ஜப்பானிய போக்கன் (பயிற்சி மரவாள்) போல லேசாக வளைந்த வாளுக்கும் நேர் பலகை போதுமா? வளைத்துச் செய்ய வேண்டுமா?

நார்வாக்கு:

போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். போக்கன் ஏறக்குறைய 102 செ.மீ. நீளம். வளைவின் ஆழம் 18 மி.மீ. என்று எடுத்தால், நடுவில் நாருக்கும் வளைவுக்கும் சாய்வே இல்லை, இரண்டு நுனிகளில்தான் 14க்கு 1 அளவுக்குச் சாய்கிறது. எல்லைக்கு அருகில்தான், ஆனால் அந்த இடங்களில் வளைவு விசை குறைவு. இதற்கு நிபந்தனை ஒன்றுதான்: வளைவின் நடுப்பகுதி நாருக்கு இணையாக இருக்க வேண்டும். கைப்பிடியை நாருக்கு இணையாக வைத்து வரைந்தால் முனைப்பக்கம் சாய்வு இரட்டிப்பாகும், முனையில் ஒரு விரல் நீளம் கழன்று போகும் வாள்கள் இப்படி வரைந்தவைதான்.

வளைவை 3 செ.மீ.க்கு மேல் கேட்டால் அடுக்கி ஒட்டுவது நல்லது. 5 மி.மீ. பட்டைகள் ஆறு, எல்லாம் ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுத்தவை, அதே வரிசையில் திரும்ப அடுக்குங்கள், ரேகை சேர்ந்துவிடும். இத்தனை பெரிய ஆரத்துக்கு 5 மி.மீ. பட்டை நீராவி இல்லாமலே வளையும். அச்சுக்கட்டையின் வளைவை 2 மி.மீ. கூடுதலாக வைத்தால் கிளாம்பை எடுக்கும்போது திரும்பி நிமிர்வதற்குச் சரியாகப் போகும். கிளாம்ப் 12 செ.மீ.க்கு ஒன்று வேண்டும், நடுவிலிருந்து நுனிக்கு இறுக்குங்கள். நுனிகளை முதலில் இறுக்கினால் நடுவில் பசை தேங்கி அடுக்குகளுக்கிடையே கறுப்புக் கோடு விழும்.

முழுக் கட்டையை நீராவியில் வளைப்பதானால் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம். சூளையில் உலர்த்திய பலகை அதற்கு ஒத்துவராது, வளைவின் வெளிப்பக்கம் வெடிக்கும். காற்றில் காய்ந்த ஆஷ், ஓக், பீச் நன்றாகக் கேட்கும்.

ஒட்டுப்பட்டை:

உறை பற்றி யாரும் சொல்லவில்லை. மேடையில் உருவிக் காட்டப்போகிறார் என்பதால் ஒரு வார்த்தை.

இரண்டு 15 மி.மீ. பட்டைகள், ஒவ்வொன்றிலும் அலகின் பாதியைக் குடைந்து ஒட்டுவதுதான் வழி. அலகுக்கும் உறைக்கும் இடையே எல்லாப் பக்கமும் 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். மரத்துக்குள் மரம், மழைக்காற்றில் இரண்டுமே உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் உருவ வேண்டிய நேரத்தில் உறையோடு கையில் வரும். பிடிப்பு முழுவதும் வாயில் உள்ள முதல் 20 மி.மீ.யில் மட்டும் இருக்கட்டும், அங்கே மெல்லிய தோல் பட்டை ஒட்டினால் வாள் கவிழ்த்தாலும் விழாது. அதற்காகத்தான் அலகின் அந்தத் தட்டையான 10 மி.மீ. பகுதி வசதியாக இருக்கும், தோல் அதைத்தான் கவ்வும்.

உள்ளே பெயின்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். காயாத பூச்சு அலகின் வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மெழுகை ஒரு முறை தேய்த்தால் போதும். ஒட்டும்போது உள்ளே வழியும் பசையைக் காய்வதற்குள் துடைக்க, நீளக் குச்சியில் ஈரத் துணி கட்டித் தயாராக வையுங்கள், ஒட்டிய பிறகு உள்ளே எட்ட வழியில்லை. முனைப்பக்கம் அடியில் 4 மி.மீ. துளை ஒன்று. அது இல்லாவிட்டால் செருகும்போது காற்று அடைபட்டு வாள் பின்னால் தள்ளும், மரத்தூளும் அங்கேயே தங்கிப் பூச்சைக் கீறும்.

கொட்டாப்புளி:

பலகையின் விளிம்பை இழைத்துப் பார்த்தேன். கணு இல்லாத பக்கத்தில் 46 செ.மீ. நீளத்துக்குச் சரிவு 2 செ.மீ. வருகிறது, அதாவது 23க்கு 1. அகல முகத்தில் ஊசி நேராகவே ஓடுகிறது. 55 மி.மீ.க்கு அறுத்துச் சட்டங்களின் மேல் வைத்துவிட்டேன். தோள்மூலைத் துளைகளை இப்போதே போடலாமா, ஒரு வாரம் கழித்தா?

நார்வாக்கு:

23க்கு 1 அருமையான பலகை. துளைகளை ஒரு வாரம் கழித்தே போடுங்கள். அதற்குள் பலகை எந்தப் பக்கமாவது நகர்ந்தால் நடுக்கோட்டை மறுபடி போட வேண்டி வரும், துளை போட்டுவிட்டால் கோட்டை நகர்த்த முடியாது. ஒரு வாரம் கழித்து நேர்கோல் வைத்துப் பாருங்கள். 93 செ.மீ.யில் 2 மி.மீ. வரை வளைவு என்றால் 25இலிருந்து 18க்கு இழைக்கும்போதே எடுத்துவிடலாம், குழிந்த முகத்தை முதலில் சீவித் தட்டையாக்கிவிட்டு மறுமுகத்துக்குப் போங்கள். 4 மி.மீ. தாண்டினால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், அவசரப்பட்டு இழைத்தால் அது திரும்பவும் நகரும்.